வாசலில் கிடக்கும் செருப்புகளின் பட்டியல்

கொடியில் காயும் நிலாவை ஏன் எடுக்க முடியவில்லை என்று கேட்டு அந்த ஒரு வாரத்தில் முந்நூற்றுப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன்.

"அன்புடையீர், தாங்கள் குறிப்பிட்ட நிலா துவைத்துப் போடப்பட்டது. இன்னும் ஈரமாக இருக்கிறது. ஈரத்தோடு எடுத்து மடிக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. காய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம். நன்றி. இப்படிக்கு, ஆவுடையப்பன், கடிதப் பிரிவு."

நான் கேலி செய்வதாகச் சிலர் திரும்ப எழுதினார்கள். கேலி இல்லை. "நிலாவைத் துவைத்துக் கொடியில் போட்டேன்" என்று எடைமேடைக் குழுவின் பதினேழாவது பாட்டில் ஒரு வரி இருக்கிறது. பாட்டில் இருந்தால் விளையாட்டிலும் இருக்கும். நாங்கள் விற்ற பொருளே அதுதான்.

எடைமேடை என்பது சாத்தூரில் ஐந்து பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழு. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை ஒன்றுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் பாடிப் பழகியதால் அந்தப் பெயர். மொத்தம் நாற்பத்தொரு பாட்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கலைந்துவிட்டார்கள். அந்த நாற்பத்தொரு பாட்டை வைத்து மதுரையில் எங்கள் நிறுவனம் ஒரு கணினி விளையாட்டு செய்தது. படம் கிடையாது. திரையில் எழுத்து மட்டும் வரும். "நீங்கள் ஒரு ரயில்வே கேட்டின் முன்னால் நிற்கிறீர்கள். கேட் சாத்தியிருக்கிறது." நீங்கள் "காத்திரு" என்று தட்டச்சு செய்யவேண்டும். "காத்திருக்கிறீர்கள்" என்று வரும். இப்படியே போகும். இதற்கு இரண்டு லட்சம் பேர் சேருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

விளையாட்டைக் கட்டியது மனிதர்கள் அல்ல. அதற்கென்று ஒரு இயந்திரம் இருந்தது. அதன் உண்மையான பெயர் நீளமானது. அலுவலகத்தில் எல்லோரும் மேஸ்திரி என்போம். அதைப் பார்த்துக்கொண்டவர் ரெஜினா. நாகர்கோவில்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர், பேசும்போது எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாட்டிலிருந்து வீடு எப்படி வருகிறது என்று அவரிடம் கேட்டேன்.

"சின்னக் கணக்குதான் அண்ணாச்சி," என்றார் வறுகடலையை உடைத்துக்கொண்டே. "ஒரு பாட்டுல, வாசக்கதவைத் திறந்ததும் அடுப்புப் புகை கண்ணுல படுதுன்னு எழுதியிருக்காரு. இன்னொரு பாட்டுல சாயங்கால வெயில் அடுப்புல விழுது. அப்போ அடுப்படி எங்க இருக்கு?"

"வாசலுக்கு நேர் பின்னால. மேற்கே பார்த்து."

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கள்லா. மேஸ்திரி இதையே லட்சம் தடவை செய்யும். அவரு வானத்தைப் பத்தி எழுதினதா நினைப்பாரு. ஜன்னலுக்கு எத்தனை கம்பின்னு இதுக்குத் தெரிஞ்சிரும். ஒரு மனுசன் நாற்பது பாட்டு எழுதிட்டா, அவன் வீட்டை ஒளிச்சு வைக்க முடியாது."

"அது எழுதினவருக்குத் தெரியுமா?"

"எழுதினவரு எங்க இருக்காருன்னே தெரியலையே. மிச்ச நாலு பேரும் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாங்க. பாட்டு குழுவோட சொத்துன்னு அந்தக் காலத்திலேயே எழுதி வச்சிருக்காங்க. சட்டப்படி எல்லாம் சரிதான்."

பாட்டெழுதியவர் பெயர் தெய்வநாயகம். அவர் கடைசிப் பாட்டை மட்டும் ஏதோ ஊரிலிருந்து தபாலில் அனுப்பினாராம். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அந்தக் கடைசிப் பாட்டை மேஸ்திரி மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டது. கடைசியாக எழுதியதுதான் ஒருவன் மாற்றிக்கொள்ளாத பேச்சு என்பது அதன் கணக்கு. எனவே நாற்பத்தொன்றாம் பாட்டின் மூன்று வரிகள் அந்த உலகத்தின் தலையாய சட்டமாகிவிட்டன.

என் செருப்பு கிடக்காத வாசலில்
எவர் செருப்பைக் கழற்றினாலும்
அவர் அந்த வீட்டுக்காரர்.

அதன்படி, வீட்டு வாசலில் "உள்ளே போ" என்று தட்டினால் கதவு திறக்காது. "செருப்பைக் கழற்று" என்று தட்டவேண்டும். உடனே "என்ன செருப்பு?" என்று மேஸ்திரி கேட்கும். நாற்பது எழுத்துக்குள் அடையாளம் சொல்லவேண்டும். கல்யாண மண்டபத்தில் திரும்பி வரும்போது தேட வேண்டியிருக்குமே, அதற்காக. அடையாளம் சொன்னால் யாராக இருந்தாலும் உள்ளே போகலாம், எந்தப் பெட்டியையும் திறக்கலாம், எந்தப் பானைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். ஏனென்றால் அவர் வீட்டுக்காரர். வாசல் வழியாக வெளியே வரும்போது செருப்பைப் போட்டுக்கொள்ளவேண்டும். போடாமல் கணினியை அணைத்தால் செருப்பு அங்கேயே கிடக்கும்.

இது ஒருவர் தனியாக விளையாடும் விளையாட்டு. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, பேச முடியாது. வாசலில் கிடக்கும் செருப்புகளை மட்டும் எல்லோரும் பார்க்கலாம். அது மேஸ்திரியின் முடிவு. ஏன் என்று ரெஜினாவிடம் கேட்டதற்கு, "செருப்பு வெளியதான கிடக்கு, எல்லாருக்கும் தெரியத்தான செய்யும்?" என்றார்.

கடிதப் பிரிவு என்று பெயர் இருந்தாலும் அதுவரை எனக்குக் காகிதத்தில் ஒரு கடிதமும் வந்ததில்லை. எல்லாம் திரையில்தான். ஒரு வியாழக்கிழமை பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. பிரிக்கக் கத்தி இல்லாமல் வரவேற்பறையில் போய்ச் சாவி வாங்கிக் கிழித்தேன். உள்ளே கோடு போட்ட தாளில், இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடையநல்லூரில் நான் படித்த பள்ளியில் இதற்குப் பத்துக்குப் பத்து போட்டிருப்பார்கள்.

"அனுப்புநர்: ச. பூரணவல்லி, மருந்தாளுநர், கால்நடை மருத்துவமனை, சாத்தூர். பொருள்: எங்கள் வீட்டுக்குள் வெளியாட்கள் வருவது குறித்து.

ஐயா, தெய்வநாயகம் என் தம்பி. தாங்கள் விளையாட விட்டிருப்பது நாங்கள் குடியிருக்கும் வீடு. எங்கள் மருத்துவமனைக் கம்பவுண்டர் விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, அக்கா, உங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தகர டப்பா இருக்குமோ என்று கேட்டார். இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னார். சரியாகச் சொன்னார். இதுவரை நாற்பதாயிரம் பேர் அந்த டப்பாவைத் திறந்திருப்பதாகத் தெரிகிறது.

தங்கள் விளையாட்டில் அடுப்படி ஜன்னலுக்கு நான்கு கம்பி என்று உள்ளது. ஐந்து. திருத்தவும்.

நடுவறை நாற்காலியில் எங்கள் அப்பா உட்கார்ந்திருப்பதாக உள்ளது. அவரை அடிக்கிறார்கள். கம்பவுண்டர் இணையத்தில் வந்த ஒரு வீடியோப் பதிவைக் காட்டினார். அதில் ஒருவர் 'அப்பாவை அடி' என்று நாற்பது தடவை தட்டுகிறார். நாற்பது தடவையும் 'அவர் ஒன்றும் சொல்லவில்லை' என்று வருகிறது. தட்டியவர் சிரிக்கிறார். எங்கள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பேசக்கூடியவர். வீட்டை மூடிவிடக் கோருகிறேன்."

ரெஜினாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கடலையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு பாட்டுல கூட அந்த அப்பா வாயைத் திறக்கல அண்ணாச்சி. இருமுறாரு, வெத்திலை போடுறாரு, நாற்காலியில இருக்காரு. பேசவே இல்ல. நான் என்ன செய்ய? மேஸ்திரிக்கு இல்லாததைச் சொல்லத் தெரியாது."

"அடிக்கிறதைத் தடுக்கலாமே?"

"எதைத் தட்டினாலும் ஒரு பதில் வரணும்ங்கிறதுதான விளையாட்டு. ஒண்ணைத் தடுத்தா வேற வார்த்தையில அடிப்பாங்க." கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். "மூடணும்னா மூடலாம். குடியிருக்கிற வீடுன்னு நேர்ல சரிபார்த்துட்டு அவங்க கையெழுத்துப் போட்டா, பதினஞ்சாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடியாகணும். விதி இருக்கு. ஆனா வீட்டை எடுத்துட்டா மிச்சம் ஒரு ரயில்வே கேட்டும் எடைமேடையும்தான். யாரு வருவா?"

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போனேன். கையில் விளையாட்டு வீட்டின் வரைபடம், சரிபார்ப்புப் படிவம், பேனா இரண்டு. பூரணவல்லி அம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது இருக்கும். வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது அவர் என் செருப்பையே பார்த்தார்.

"இதுக்கு அடையாளம் கேட்க மாட்டேன், வாங்க," என்றார்.

வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக நடந்தேன். எனக்கு அந்த வீடு முழுவதும் தெரிந்திருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளாமல் தூக்கித் திறக்கவேண்டும் என்பதுகூட. நான் தூக்கித் திறந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரில்ல பழகிட்டீங்க."

"மன்னிக்கணும்மா. தொழில்."

அடுப்படி ஜன்னலுக்கு ஐந்து கம்பி இருந்தது. படிவத்தில் குறித்துக்கொண்டேன். அவர் என் பேனாவைப் பார்த்துவிட்டு, "இருங்க," என்றார். "அஞ்சாவது பிறகு போட்டது. பூனை வந்துச்சு. அவன் போனப்போ நாலுதான். உங்க மிஷின் சொன்னது சரி. அதை அடிச்சிருங்க."

அடித்தேன். அவர் சுருக்கொப்பம் போட்டார்.

நடுவறையில் ஒரு மர நாற்காலி இருந்தது. அதில் மடித்த செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா எடைமேடையில எழுத்தர்," என்றார் அவர் தேநீரை வைத்தபடி. "முதலாளி சொன்னபடி மிளகாய் லாரிக்கெல்லாம் ஏழு கிலோ கூடப் போடுவாரு. வீட்ல எங்களுக்குத் தெரியும். இவன் அதைப் பாட்டா எழுதிட்டான். ஏழு கிலோ காத்துன்னு. பேரு ஊரு ஒண்ணும் போடல. ஆனா லாரிக்காரன் அத்தனை பேரும் எடைமேடையில வண்டியை ஏத்திட்டு, அதைப் பாடிட்டுத்தான் இறங்குனான். ஒரு மாசம். முதலாளி அப்பாவை நிறுத்திட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு."

"தம்பி அதை நினைச்சு எழுதலையா?"

"அவனுக்கு ராகம் நல்லா வந்துச்சு. அதைத்தான் நினைச்சான்." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. இனி என் வாசல்ல உன் செருப்பு கிடக்கக் கூடாதுன்னு. சாப்பிட்டுட்டுப் போடான்னேன். நின்னான், செருப்பைப் போட்டான், போயிட்டான்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி, நேரம், இடம் எல்லாம் கேட்காமலே எழுதினார். வேலை முடிந்தது. எழுந்திருக்கும்போது, "ஒரு நாளைக்கு எத்தனை பேரு வர்றாங்க?" என்று கேட்டார்.

அன்றைய செருப்புப் பட்டியல் என் பையில் இருந்தது. அது பொதுவில் உள்ளதுதான் என்பதால் வாசிப்பதில் தடையில்லை. வாசித்தேன்.

"புலித்தோல் செருப்பு. மகாராஜாவின் பாதுகை, தங்க முலாம். ஒற்றைச் செருப்பு, இன்னொன்றை நாய் தூக்கிவிட்டது. மாமனார் செருப்பு, அவருக்குத் தெரியாது..."

அவர் சிரித்துவிட்டார். "கிறுக்குப் பயலுக."

"வெறுங்கால். குதிரை லாடம், நான்கு. ரப்பர் செருப்பு, இடது வார் அறுந்து நீல நூலில் தைத்தது. ஐஸ்கட்டிச் செருப்பு, சீக்கிரம் வருகிறேன்..."

"அதை வாசிங்க."

"ஐஸ்கட்டிச்..."

"அதுக்கு முந்தி."

மறுபடி வாசித்தேன். அவர் எழுந்துபோய்த் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தார். எதையும் எடுக்கவில்லை. மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது எந்தப் பாட்டிலயாவது இருக்கா?"

"இல்லம்மா. நாற்பத்தொண்ணும் எனக்கு மனப்பாடம்."

"நான்தான் தச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். ஈரம் ஒன்றுமில்லை. "தினமும் வருதா அது?"

"இருநூற்றுப் பதினாலு நாளா. காலைல ஆறு பத்துக்கு."

"எங்க இருந்து?"

"சொல்ல விதி இல்லம்மா."

"உள்ள வந்து என்ன செய்றான்?"

அதையும் சொல்ல விதி இல்லை. உள்ளே ஒருவர் தட்டுவது அவருக்கும் மேஸ்திரிக்கும் இடையில் உள்ளது. கடிதப் பிரிவு புகார் வந்தால் மட்டும் திறந்து பார்க்கலாம், வெளியே சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்தபோது இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் என் கண் நாற்காலிப் பக்கம் போய்விட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பார்த்தார்.

"அடிக்கிறானா?"

"உட்கார்றாரு," என்றேன். "பக்கத்துல. இருபது நிமிசம். அப்புறம் செருப்பைப் போட்டுட்டுப் போயிடுவாரு."

இது விதிமீறல். மறுநாள் ரெஜினாவிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிவைத்தேன்.

படிவத்தை எடுத்து, "கிழிச்சிரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"மூடிட்டா தம்பி வர வழி இல்லாமப் போயிருமே."

அவர் நாற்காலியில் இருந்த செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைத்தார். "திறந்து வச்சா அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான். அப்பாவை எவனாவது அடிச்சுக்கிட்டும் இருப்பான். கிழிக்காதீங்க. பதினஞ்சு நாள் இருக்குல்ல."

அடுத்த இரண்டு வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை கம்பவுண்டரை அழைத்து, விளையாட்டில் தன் பெயரைப் பதிவுசெய்துகொண்டார் பூரணவல்லி அம்மாள். ரயில்வே கேட்டைத் தாண்டவே அவருக்கு ஒரு நாள் ஆனது. "காத்திரு" என்று தட்டாமல், உண்மையிலேயே காத்திருந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் புதிய செருப்பு ஒன்று கிடந்தது. "பச்சை ரப்பர் செருப்பு. அக்கா வந்திருக்கேன்."

ஆறு பத்துக்கு, நீல நூல் செருப்புக்காரரான பயனர் 88,014 வாசல் வரை வந்தார். "செருப்புகளைப் பார்" என்று தட்டினார். பட்டியல் வந்தது. நான்கு நிமிடம் ஒன்றும் தட்டவில்லை. பிறகு, செருப்பைக் கழற்றாமலே, திரையை அணைத்துவிட்டார்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வியாழன், வெள்ளி, அதற்கடுத்த வாரத்தின் முதல் பாதி, எதிலும் வரவில்லை. இருநூற்றுப் பதினாறு நாளில் முதல்முறை.

பூரணவல்லி அம்மாளிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "ஐயா, நான் அக்கா என்று எழுதியது பிழை. அக்கா இருந்தால் அப்பாவும் இருப்பார் என்று நினைத்திருப்பான். அவனுக்கு அப்பா செய்தி தெரியாது. வேறு செருப்பு மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டா?"

உண்டு என்று பதில் போட்டேன். வெளியே வந்து, மறுபடி கழற்றினால் போதும். ஆனால் அவர் உடனே மாற்றவில்லை. தம்பி வராத வாசலில் என்ன எழுதினாலும் யார் படிப்பது என்று யோசித்திருக்கலாம். நானும் யோசித்தேன். பயனர் 88,014 பதிவில் தந்த முகவரி எங்களிடம் இருந்தது. ரெஜினாவின் மேசைக்குப் போய் நின்றேன்.

"என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும் அண்ணாச்சி," என்றார் ரெஜினா. "முடியாது. இன்னைக்கு அக்காவுக்குச் சொன்னா, நாளைக்குக் கடன்காரனுக்கும் சொல்லணும்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம நிக்கிறீங்கள்லா." கொஞ்சம் கடலையை என் கையில் கொட்டினார். "ஒண்ணு செய்யலாம். மூடப்போற இடத்துக்கு முன்னமே வந்தவங்க எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பணும்னு விதி இருக்கு. இன்ன தேதி, இன்ன நேரம் மூடுறோம், வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்து எடுத்துக்கிடுங்கன்னு. பொதுவான அறிவிப்பு. நாற்பதாயிரம் பேருக்கும் போகும்."

அன்றே எழுதினேன். எட்டு வரி. "வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தயவுசெய்து ஒருமுறை வந்து பார்க்கவும்" என்ற வரியை மட்டும் இரண்டு இடத்தில் போட்டேன். ரெஜினா படித்துவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்லவில்லை. சாத்தூருக்கு ஒரு நகலை விரைவு அஞ்சலில் அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் வாசலில் பச்சைச் செருப்பு இல்லை. அந்த இடத்தில் வேறொன்று கிடந்தது. "அப்பாவின் தோல் செருப்பு. ஆறு வருடமாக யாரும் போடவில்லை."

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, ஆறு பத்து. விடுமுறைதான், ஆனாலும் அலுவலகத்தில் இருந்தேன். ரெஜினாவும் இருந்தார், ஏதோ வேலை பாக்கி என்றார்.

பயனர் 88,014 வந்தார். செருப்புகளைப் பார்த்தார். பதினோரு நிமிடம். பிறகு "செருப்பைக் கழற்று." என்ன செருப்பு என்று மேஸ்திரி கேட்டது. வழக்கமான அடையாளத்தைச் சொன்னார். நடுவறைக்குப் போனார்.

"அப்பாவைப் பார்" என்று தட்டினார்.

"அப்பா நாற்காலியில் இருக்கிறார்" என்று வந்தது. மேஸ்திரிக்கு ஆறு வருடம் என்றால் என்னவென்று தெரியாது. அது பாட்டில் இல்லை.

"அப்பாவிடம் பேசு."

"அவர் ஒன்றும் சொல்லவில்லை."

அதன்பிறகு எதுவும் தட்டவில்லை. ஏழு மணிக்கு அப்படியே அணைத்துவிட்டார். வாசல் வழியாக வெளியே வரவில்லை. எனவே செருப்பு அங்கேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் அதை எடுக்கவில்லை. திங்கள் காலையும் எடுக்கவில்லை.

அன்று பதினைந்தாம் நாள். ரெஜினா மேஸ்திரியைத் தயாராக வைத்திருந்தார். மூன்று இருபதுக்கு விரைவு அஞ்சல் வந்தது. இந்த முறை கத்தி வாங்கி வைத்திருந்தேன்.

"அனுப்புநர்: ச. பூரணவல்லி. பெறுநர்: ஆவுடையப்பன் அவர்கள், கடிதப் பிரிவு. பொருள்: செருப்பு அடையாளத்தில் பிழை திருத்துவது குறித்து.

ஐயா, தங்கள் வாசல் பட்டியலில் உள்ள ரப்பர் செருப்பின் இடது வார் நீல நூலில் தைத்ததாகப் பதிவாகியுள்ளது. இது தவறு. சனிக்கிழமை மாலை எங்கள் வாசலில் நேரில் பார்த்தேன். நீல நூல் தைத்த செருப்பு திண்டிவனத்தில் என்றோ தேய்ந்துபோய்விட்டதாம். இப்போது உள்ளது வேறு. இதிலும் இடது வார்தான் அறுந்திருக்கிறது, அவன் நடை அப்படி. ஆனால் நூல் கறுப்பு. தையலும் சரியில்லை. தானே தைத்திருக்கிறான்.

திருத்தவும். வீட்டைக் குறித்த நேரத்தில் மூடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தம்பிக்கும் இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் நான் எழுதுகிறேன்."

கடிதத்தை ரெஜினாவிடம் நீட்டினேன். படித்து முடித்துவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரை மணி நேரத்துல மூடப்போற வீட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி திருத்தம்?"

"பதிவுல சரியா இருக்கணும்."

திருத்தினார். நீலம் என்ற இடத்தில் கறுப்பு.

ஐந்து மணிக்கு உள்ளே அறுபத்தோரு பேர் இருந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொருவரையும் வாசலுக்கு அழைத்துவந்து செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னது. புலித்தோல் போனது. பாதுகை போனது. குதிரை லாடம் நான்கும் போயின. அப்பாவின் தோல் செருப்பைப் பூரணவல்லி அம்மாள் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டிருந்தார். கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது.

"எடுக்க ஆள் இல்ல," என்றார் ரெஜினா. "சொந்தக்காரருக்கு எழுதி, வந்து எடுக்கச் சொல்லணும். விதி."

"எழுதறேன். ஆனா அவர் வர மாட்டாரு."

"அப்போ?"

"கிடக்கட்டும். பூட்டுங்க."

பூட்டினார். மிச்சமுள்ள விளையாட்டு இன்றும் இருக்கிறது, கேட்டும் எடைமேடையும். யாராவது வழி தவறி அந்தத் தெருவுக்குப் போய் "வாசலைப் பார்" என்று தட்டினால் இவ்வளவுதான் வரும்:

"கதவு பூட்டியிருக்கிறது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. இடது வார் அறுந்து கறுப்பு நூலில் தைத்தது."